அரூர் பக்கம் வசுமதி

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கிறது, நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, ரெக்கார்டர் பாட்டுக்கு ஒன்பது நிமிஷமாக என் மூச்சைப் பதிவு பண்ணிக்கொண்டிருக்கிறது. ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. ஜன்னலை மெத்தையால் அடைத்தாகிவிட்டது. பீரோக் கதவில் இரண்டு கம்பளி, வாசல்கதவின் இடுக்கில் பழைய துண்டு, நடுவில் மைக், மைக்குக்கு முன்னால் நான், வெளியே சேலத்துப் பங்குனி வெயில். முதுகில் வேர்வை இறங்குவது எனக்கே கேட்கிற மாதிரி இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்றேகால் வரைக்கும்தான் எங்கள் தெரு வாயை மூடிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் மேல்வீட்டு மிக்ஸி, அதற்குப் பின்னால் ஸ்கூல் வேன். இந்த ஒன்றேகால் மணி நேரத்தை நம்பித்தான் மூன்று வருஷமாக என் பிழைப்பு, இல்லை, பிழைப்பு என்று என் வீட்டுக்காரர் பாஸ்கரிடம் சொன்னால் சிரிப்பார், பொழுதுபோக்கு என்று வைத்துக்கொள்ளலாம். "கை வேலை முடிஞ்சுதா?" என்று ஆரம்பிக்க வேண்டும். நிகழ்ச்சிக்கும் அதுதான் பெயர். சமையல்கட்டைத் துடைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காக ஒருத்தி பேசி நெட்டில் ஏற்றுகிற நிகழ்ச்சி. நூற்று நாற்பத்தொன்பது தடவை அப்படிக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட வார்த்தை தடுக்கியதில்லை. இன்று நூற்றைம்பதாவது. மடியில் ஃபோன் குப்புறக் கிடக்கிறது. திருப்பினால் ஜெயசுதா இருப்பாள். நிகழ்ச்சி நம்பருக்கு அவள் பேசி அனுப்பியதை நான் கேட்டுவிட்டேன், கேட்டுவிட்டேன் என்பது அங்கே அவளுக்கும் நீலமாகத் தெரிந்திருக்கும். கேட்காமலே வைத்திருக்கலாம், ஆனால் யாராவது பேசி அனுப்பினால் உடனே கேட்பது என் வியாதி, அதைச் சொல்லி இப்போது என்ன பண்ண.

ஜெயசுதா என்கிற பெயரே மணி ஒன்று ஐம்பத்திரண்டு வரைக்கும் எனக்குத் தெரியாது. "சுகந்தி அக்கா, வணக்கங்க்கா. எம்பேரு ஜெயசுதா. ஊத்தங்கரைக்குப் பக்கத்துல இருந்து பேசறேன். இல்ல, அங்கிருந்து வந்துட்டேன்க்கா. அரூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். பாப்பாவும் கூட இருக்கு. வசுமதி அக்கா மாதிரியே ரெண்டு புடவை, என் சர்டிபிகேட்டு, பாப்பா துணிமணி, அவ்ளோதான் எடுத்தாந்தேன். அவங்க நம்பர் குடுங்க்கா. கடை எங்க இருக்குதுன்னு சொன்னாக்கூடப் போதும், நான் நடந்தே போயிக்குவேன்." பின்னால் ஹாரன், யாரோ சுண்டல் விற்கிறார்கள், அதற்கும் பின்னால் ஒரு சின்னப் பெண் தண்ணீர் கேட்கிறாள். வசுமதி அக்கா மாதிரியே. அந்த மூன்று வார்த்தையில்தான் என் பேச்சு மாட்டிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் அங்கேயே வந்து நிற்கிறது. ஏனென்றால் வசுமதி என்று ஒருத்தி கிடையாது. அரூரில் கிடையாது, அரூர் பக்கத்தில் கிடையாது, எங்கேயும் கிடையாது. சமையல்கட்டு ஆணியில் தொங்குகிற துணிப்பையில் வசுமதி ஜவுளி என்று அச்சடித்திருந்தது, அங்கிருந்து பெயர். புதிய பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் நின்றிருந்தபோது எதிரே வந்த பஸ்ஸில் அரூர் என்று எழுதியிருந்தது, அங்கிருந்து ஊர். நான் அரூரைப் பார்த்ததுகூட இல்லை. மஞ்சவாடிக் கணவாய் தாண்டிப் போக வேண்டும் என்று கேள்வி.

ரியாஸைக் குற்றம் சொல்லலாம். கல்யாண வீடியோ எடுக்கிற பையன், பாஸ்கரின் ஆபீஸ் நண்பருக்குத் தம்பி, இந்த மைக்கை வாங்கிக் கொடுத்ததும் கம்பளி மாட்டச் சொன்னதும் அவன்தான். முதல் ஆறு மாதம் என் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் பதினேழு பேர், அதில் நாலு பேர் நானே, வேறு வேறு ஃபோனில். "அக்கா, கமெண்ட்டு காலியா கெடந்தா காலி ஹோட்டல் மாதிரிக்கா. நல்லா சமைச்சாலும் எவனும் உள்ள வர மாட்டான். மொதல்ல நாலு பேர உக்கார வைங்க, சாப்பிடற மாதிரி உக்கார வைங்க, தெருவுல போறவன் தானா வருவான்" என்றான். எல்லாரும் பண்ணுவதுதான், இதிலே ஒன்றும் தப்பில்லை, பெரிய பெரிய சேனல்காரர்களே இப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்றான். பாஸ்கரின் பழைய ஃபோனை எடுத்து ஐந்து பேரை உட்கார வைத்தேன். திண்டுக்கல்லில் ஒருத்தி, காரைக்காலில் ஒருத்தி, மலேசியாவில் ஒருத்தி. எல்லாரும் "அருமை சகோதரி" என்று எழுதினார்கள், எழுதிவிட்டு ஒவ்வொருத்தியாகக் காணாமல் போனார்கள், எனக்கே அவர்கள் மேல் சலிப்பு வந்துவிட்டது. வசுமதி மட்டும் போகவில்லை. அவள் கேள்வி கேட்டாள். என்னோடு சண்டை போட்டாள். நான் ஒரு வாரம் பேசாமல் விட்டால் "என்னக்கா ஒடம்பு சரியில்லையா" என்று எழுதினாள், நான்தான் எழுதினேன், ஆனால் எழுதி முடித்து என் ஃபோனில் அதைப் படிக்கும்போது ஒரு ஆறுதல் வந்தது பாருங்கள், அதை யாரிடம் சொல்ல. கையெழுத்துக் கோணலாக இருக்கட்டும் என்று குழந்தைகள் இடதுகையால் எழுதுவதுபோல, அவளுக்காக நான் இடது கட்டைவிரலால்தான் தட்டுவேன். ஒரு நாள், நாற்பத்து மூன்றாவது நிகழ்ச்சிக்குக் கீழே, அந்தக் கட்டைவிரல் தானாக எழுதியது: "கை வேலை முடிஞ்சுதுக்கா. கையத் தூக்கத்தான் முடியல." எழுதிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அறுபத்திரண்டு பேர். நிஜமான அறுபத்திரண்டு பேர். என்னாச்சு வசுமதி, யார் என்ன செய்தார்கள் வசுமதி, தனியாக இருக்கிறாயா வசுமதி. நான் தலையில் துண்டோடு அப்படியே நின்றேன்.

ஃபோன் மடியில் துடிக்கிறது. பார்க்கக் கூடாது. முதல் முப்பது வினாடி முக்கியம் என்பான் ரியாஸ், முப்பது வினாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் ஆள் எழுந்து போய்விடும். எந்த நொடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று ஃபோனில் ஒரு கோடு காட்டும், நான் ராத்திரி சாப்பாடுகூட ஆறிப்போக விட்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எங்கே இறங்குகிறது, என்ன சொன்னபோது இறங்கியது, அந்த வார்த்தையை இனிமேல் சொல்லக் கூடாது. அறுபத்தோராவது நிகழ்ச்சி, 'வசுமதி கிளம்பிட்டா', அந்த ஒன்றுக்கு மட்டும் கோடு கடைசிவரை இறங்கவே இல்லை. அவள் எழுதியதாக ஒரு கடிதம் வாசித்தேன். விடியற்காலையில் எழுந்து, கோலம்கூடப் போட்டுவிட்டு, இரண்டு புடவையையும் சர்டிபிகேட்டையும் மகள் துணியையும் எடுத்துக்கொண்டு அரூருக்கு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பச்சை கேட் வீடு, மாடியில் தையல் கடை, அந்தக் கடைக்கார அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு மெஷினைக் காட்டி உட்காரச் சொன்னாள். வாசிக்கும்போது என் குரல் உடைந்தது, நடிப்பில்லை. ஆயிரத்து இருநூறு பேராக இருந்தவர்கள் அந்த ஒரு மாதத்தில் நாற்பதாயிரம் பேரானார்கள். 'வசுமதி தங்கச்சிகள்' என்று வாட்ஸ்அப் குழு ஒன்று அவர்களாகவே தொடங்கினார்கள். இருநூறு பெண்கள். நூற்றைம்பதாவது நிகழ்ச்சிக்கு அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று நிறம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாம்பழ மஞ்சளா, கத்திரிப்பூவா என்று. அதற்குப் பயந்துதான் இன்றைக்கு அவளை அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். இதோ மைக்குக்குக் கீழே கடிதம் இருக்கிறது, நேற்றே எழுதி வைத்தது, "அக்கா, திருப்பூர்ல பெரிய கம்பெனியில சூப்பர்வைசர் வேலை கெடச்சிருக்கு, இனிமே எழுத நேரம் இருக்காது, எல்லாரும் நல்லா இருங்க." நாசூக்காக வழியனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்தப் பெண்.

பார்த்துவிட்டேன். ஒரு படம். பச்சை கேட். பெயிண்ட் உரிந்து, நடுவில் சின்னத் தகரத்தில் நாய் ஜாக்கிரதை, பக்கத்தில் மாடிக்குப் போகிற படி, படியில் ஒரு ஜோடி பெண் செருப்பு. இரண்டு பதினாலுக்கு அனுப்பியிருக்கிறாள். கீழே குரல். "அக்கா, இதாக்கா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மூணு பச்ச கேட்டு இருக்குது, இதுலதான் மாடியில தையல் மெஷின் சத்தம் கேக்குது. கூப்பிட்டுப் பாத்தேன், சத்தம் நின்னுபோச்சு, யாரும் எட்டிப் பாக்கல. வசுமதி அக்கா இருந்தா சொல்லுங்க்கா, ஊத்தங்கரைப் பொண்ணு வந்திருக்கான்னு." அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்க்கிறேன். வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. ஒரு கணம், சொன்னால் சிரிப்பீர்கள், வசுமதி மேலேதான் இருக்கிறாள் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழே யார், நம்மைத் தேடி யார் வந்திருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டு. நான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே. ஊரில் எத்தனையோ பச்சை கேட் இருக்கும், எத்தனையோ மாடியில் மெஷின் ஓடும், கதவைத் தட்டினால் யாருக்கும் பயம்தான். தெரிகிறது. தெரிந்தும் பயமாக இருக்கிறது. ஒன்றை இருக்கிறது இருக்கிறது என்று நாற்பதாயிரம் பேரிடம் சொன்னால் அது எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்ளுமோ.

பதில் போடு சுகந்தி. என்னவென்று போட? வசுமதி போன வாரம்தான் திருப்பூர் போய்விட்டாள் என்று போடலாம். தட்டினேன், தட்டிவிட்டுப் பார்த்தேன், நல்ல பதில், யாருக்கும் சேதமில்லை. உடனே அவள் குரல் எனக்குள் கேட்டது, நானும் திருப்பூருக்கே போறேங்க்கா, எந்தக் கம்பெனி, எந்தத் தெரு. பாப்பாவை இழுத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். அங்கே நான் என்ன கேட் வைப்பது, நீலமா. அழித்தேன். டிராயரில் பழைய ஃபோன் இருக்கிறது, அதில் வசுமதி இருக்கிறாள், நாலு சதவீதம் சார்ஜோடு. வசுமதியாகவே பேசிவிடலாம். அவளே சொல்லட்டும், தங்கச்சி, நான் வெளியூர்ல இருக்கேன், நீ இப்போதைக்கு வீட்டுக்குப் போ என்று. வசுமதி சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள், எங்கள் கூட்டமே அப்படித்தான், என்னைவிட அவள் பேச்சுக்குத்தான் மரியாதை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் கரகரப்பாக, "நான் வசுமதி பேசறேன்மா" என்று சொல்லிப் பார்த்தேன். சும்மாதான், ஒத்திகை. கம்பளிக்குள் போய்விட்டு அந்தக் குரல் திரும்பி என் காதுக்கே வந்தது, ஹெட்போனில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. ராணியக்கா குரல். அச்சு அசலாக ராணியக்கா. நான் ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தேன்.

இந்த இடத்துக்கு வரக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் சுற்றி வந்தேன். எனக்குப் பதினாறு வயது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆத்தூரிலிருந்து அக்கா வந்தாள், கல்யாணமாகிப் பதினான்கு மாதம், கையில் ரெக்ஸின் பை, வலது கையைத் தூக்க முடியவில்லை, தலை வாரிவிடச் சொன்னாள். நான்தான் வாரிவிட்டேன். பின்னல் போடும்போது கழுத்துக்குக் கீழே பார்த்தேன், பார்த்ததைப் பார்க்காத மாதிரி ரிப்பன் கட்டினேன். அம்மா உப்புமா கிண்டினாள். அப்பா பேப்பரை மடிக்கவே இல்லை. ராத்திரி அம்மா சொன்னாள், கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது, "நீ இங்க வந்து உக்காந்துட்டா நாளைக்குச் சின்னவள யாரு ராணி கட்டுவா?" சின்னவள் நான். மறுநாள் காலையில் எனக்கு ட்யூஷன், பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான், அதனால் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். ஏழே முக்கால் ஆத்தூர் பஸ். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தேன், கெட்டிக்காரி, கர்ச்சீப் போட்டு இடம் பிடித்தேன். "நல்லா படி" என்றாள். "போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணுக்கா" என்றேன். இதை ஒரு தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பை தூக்கியது தப்பா. ஆனால் அந்தப் பஸ் கிளம்பும்போது எனக்கு வந்தது வருத்தம் இல்லை, அப்பாடா என்று இருந்தது, அதை நான் இந்த நாற்பதாயிரம் பேரிடமும் சொன்னதில்லை. அக்கா இன்னும் ஆத்தூரில்தான் இருக்கிறாள். மாமா இப்போது சாது, சர்க்கரை வந்து ஒரு கால் விரல் போய்விட்டது, அக்காதான் கட்டு மாற்றுகிறாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள். கண்ணைப் பார்த்து மட்டும் பேச மாட்டாள்.

அவளும் கேட்டாள், வசுமதி கிளம்பியதை. அன்று சாயந்திரமே ஃபோன் பண்ணினாள், அவளாக எனக்கு ஃபோன் பண்ணுவதே வருஷத்துக்கு ஒரு தடவை. "சுகந்தி, அந்த அரூர்க்காரி கதைய கேட்டேன்டி. புத்திசாலி. பொறந்த வீட்டுக்குப் போகல பாரு." நான் ம் என்றேன். "நேரா கடைக்குப் போயிட்டா பாரு. எனக்கெல்லாம் அது தோணவே இல்ல. அவள நல்லா இருக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு." சொல்றேன்க்கா என்றேன். அப்புறம் டிராயரைத் திறந்து பழைய ஃபோனை எடுத்து, இடது கட்டைவிரலால், நன்றி அக்கா, உங்க ஆசீர்வாதம், இப்படிக்கு வசுமதி என்று அவளுக்கு அனுப்பினேன். என்ன பிறவி நான். அதை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள். பொங்கலுக்குப் போனபோது என்னிடமே எடுத்துக் காட்டினாள், பாத்தியா, எனக்குத் தனியா பதில் போட்டிருக்கா என்று. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பதினெட்டு வருஷமாகிறது. அதனால்தான் வசுமதியைக் கொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. ரியாஸ், சேனல், பட்டுப்புடவை எல்லாம் சும்மா நான் சொல்கிற காரணம். அக்காவுக்குத் தெரிந்தால், ஒருத்தியாவது தப்பித்தாள் என்று அவள் வைத்திருப்பதும் நான் எழுதியதுதான் என்று தெரிந்தால்.

மறுபடி ஃபோன். இரண்டு முப்பத்தொன்று. இந்தத் தடவை குரல் மெதுவாக இருக்கிறது, சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி. "அக்கா, நீங்க கேக்கறீங்கன்னு தெரியுது. வேலையா இருப்பீங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்க்கா. அவரு ஷிஃப்ட்டு முடிஞ்சு நாலரைக்கு வீட்டுக்கு வந்துருவாரு. மூணு மணிக்கு ஊத்தங்கரை பஸ் ஒண்ணு இருக்குது. அதுல ஏறிட்டன்னா அவரு வர்றதுக்குள்ள போயி ஒலை வெச்சிருவேன், போனதே தெரியாது. வசுமதி அக்கா கெடச்சா ஏற மாட்டேன். கெடைக்கலன்னா ஏறிக்கறேன், வேற என்ன பண்றது. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க." ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். சரி, நினைத்துக்கொள்ளவில்லை. நான் பேசாமல் இருந்தால் போதும், மூன்று மணிக்கு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவள் ஏறிவிடுவாள், உலை கொதிக்கும், என் கடிதம் என் மைக்கில் ஏறும், வசுமதி திருப்பூர் போவாள், தங்கச்சிகள் அழுவார்கள், கோடு இறங்காது. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய வேலையா. பேசுகிறவளுக்கு அது பெரிய வேலைதான் போலிருக்கிறது. மெத்தைக்கு அந்தப் பக்கம் வெயில், ஒரு காக்கா மட்டும் கத்துகிறது, அதை அப்புறம் வெட்டிவிடலாம். இரண்டு முப்பத்தெட்டு. நான் போய் என்ன சொல்லிக் கிழிக்கப்போகிறேன், உண்மையைச் சொன்னால் அவள் ஏறிவிடுவாள், பொய் சொன்னால் யாரும் இல்லாத கேட்டுக்கு முன்னால் நிற்பாள், பேசாமல் இருந்தாலும் ஏறிவிடுவாள், எப்படிச் சுற்றினாலும் அந்த பஸ். அவள் அந்தக் கேட் படத்தை வெளியே போட்டுவிட்டால்? சுகந்தி அக்காவை நம்பி வந்தேன், அவள் ஏமாற்றுக்காரி என்று ஒரு வரி எழுதினால்? நாற்பதாயிரம் பேரும் போவார்கள், போகட்டும், பதினேழு பேரோடு இருந்தவள்தானே நான். இரண்டு நாற்பத்து நாலு. கழுத்துக்குக் கீழே பார்த்ததைப் பார்க்காத மாதிரி ரிப்பன் கட்டினேன். சிவப்பு ரிப்பன். இரண்டு நாற்பத்தேழு. பாஸ்கர் கேட்டால் என்ன சொல்வது. இரண்டு நாற்பத்தொன்பது. விரல் எப்போது அந்தப் பெயரைத் தொட்டது என்று தெரியவில்லை, மணி அடிக்கிறது, எடுக்காதே, எடுக்காதே, எடுத்துவிட்டாள்.

"அக்கா!" அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு சந்தோஷம். "சுகந்தி அக்காவா? நீங்களே பேசறீங்களா?" பின்னால் பஸ் ஸ்டாண்ட் முழுக்க என் கம்பளி அறைக்குள் வந்துவிட்டது. நான்தாம்மா என்றேன். என் குரல் நிகழ்ச்சிக் குரல் இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "ஜெயசுதா, நான் ஒண்ணு சொல்லணும். வசுமதின்னு யாரும் இல்ல. அரூர்ல இல்ல, எங்கயும் இல்ல. நான்தான் எழுதினேன். எல்லாமே நான் எழுதினது. அந்தப் பச்ச கேட்டு, கடை, எல்லாம்." சொல்லிவிட்டேன், இவ்வளவு சின்னதாக இருக்கிறது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டட்டும் என்று காதை ஃபோனோடு அழுத்திக்கொண்டேன். கண்டக்டர் ஒருத்தர் ஊத்தங்கரை, ஊத்தங்கரை என்று கூவுகிறார். அப்புறம் ஜெயசுதா கேட்டாள், கோபமே இல்லாமல், கணக்குப் புரியாத பிள்ளை டீச்சரைக் கேட்பதுபோல.

"அப்ப யாருமே போகலையாக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லம்மா என்றேன். யாரும் போகல. எங்க அக்கா ஒரு தடவை வந்தா, நாங்க திருப்பி அனுப்பிட்டோம், நான்தான் பையைத் தூக்கிட்டுப் போயி பஸ் ஏத்திவிட்டேன். எங்க அக்கா போகணும்னு நெனச்சு எழுதினதுதான் வசுமதி. என்னென்னமோ சொன்னேன், வரிசையாக வரவில்லை, மூன்று வருஷமாக மைக் முன்னால் பேசியவளுக்கு ஒரு வாக்கியம் நேராக வரவில்லை. "நீ ஏறாத. நான் இப்ப கெளம்பறேன். ஒண்ணரை மணி நேரம், ரெண்டு மணி நேரம், அதுக்குள்ள வந்துருவேன். வந்து என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. தையக் கடையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா வருவேன். ராத்திரிக்கு எங்க வீடு இருக்கு. பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துட்டு அங்கயே நில்லு. ஜெயசுதா, கேக்குதா?" கண்டக்டர் கூவுகிறார். படியில் ஏறுகிற காலடிகள், யாரோ பையை உள்ளே தள்ளுகிறார்கள், சில்லறை, விசில். "ஜெயசுதா?" இன்ஜின் உறுமுகிறது. அவள் ஃபோனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. நான் எழுந்து மெத்தையைத் தள்ளினேன், வெயில் கண்ணில் அடித்தது, ஒரு கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் புடவையைத் தேடிக்கொண்டு, இருக்கியா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்ஜின் சத்தம் பெரிதாகி, ஹாரன் ஒரு தடவை அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தால் சத்தம் குறையுமா, கூடவே வருமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுண்டல்காரர் குரல் மறுபடி கேட்டது. நான் பாவாடையில் காலை விட்டபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"பஸ்ஸு போயிருச்சுக்கா" என்றாள் ஜெயசுதா. "இனிமே நீங்க வந்துதான் ஆவணும்."